மூன்றாம் நம்பர் மெஷினும் வெள்ளிக்கிழமை ஆட்டமும்

நான் வேலை பார்த்த கம்பியூட்டர் வகுப்பு ஹட்டன் பிரதான வீதியில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஆறு மெஷின்கள். ஆறும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வாங்கியவை. எல்லாவற்றிலும் செலரோன் என்ற மலிவான புரொசஸர்தான். பிள்ளைகளுக்குக் கடிதம் அடிக்கவும் அட்டவணை போடவும் சொல்லிக்கொடுக்க அது தாராளம். அங்கே ஒரே டீச்சர் நான். வகுப்பும் கீழே இருந்த துணிக்கடையும் ஒரு முஸ்லிம் மனிதருக்குச் சொந்தம். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

மூன்றாம் நம்பர் மெஷினில் மட்டும் ஒரு கிரிக்கெட் விளையாட்டு இருந்தது. அதைப் போட்டது என் அண்ணன். கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்தில் எங்கள் வீடு. சனிக்கிழமை பின்னேரம் என்னைக் கூட்டிக்கொண்டு போக அண்ணன் வருவான். பஸ் வரும்வரை ஐந்து ஓவர் விளையாடுவோம். ஒரே விசைப்பலகையில் இடது பக்கம் அவனுக்கு, அம்புக்குறிகள் எனக்கு. தோட்டத்து டீமில் முதல் ஆளாக இறங்கி அடிக்கிறவன் அவன். ஆனால் கம்பியூட்டரில் பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிற கை.

விளையாட்டில் உள்ள ஆட்டக்காரர்களின் பெயரை மாற்றலாம் என்று ஒரு நாள் கண்டுபிடித்தான். உடனே உட்கார்ந்து எங்கள் தோட்டத்து டீமை முழுக்க ஏற்றிவிட்டான். உண்மைப் பெயர்கள் நீளம், இடம் போதவில்லை. அதனால் ஒவ்வொருவருக்கும் அவர் வேலை செய்யும் இடமே பெயரானது. தோட்டத்து லொறியில் கிளீனராக இருந்தவர் ‘லொறி’. தோட்டத்தை நடத்தும் துரையின் வீட்டில் சமைக்கிறவர் ‘பங்களா’. மருந்து கொடுக்கும் இடத்தில் நிற்கிறவர் ‘டிஸ்பென்சரி’. எல்லாம் ஆங்கில எழுத்தில். பத்துப் பேர் சேர்ந்த பிறகு ஒரு ஆள் குறைந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கடைசி இடத்தில் ‘டிரையர்’ என்று அடித்தான். அது அப்பா. முப்பது வருடம் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்தைக் காயவைக்கும் டிரையர் மெஷினில் நின்றவர். வாழ்நாளில் மட்டையைத் தொட்டதில்லை.

அதற்கடுத்த வருடம் அப்பா ஓய்வு பெறவேண்டி வந்தது. தன் இடத்துக்கு அண்ணனின் பேரைப் பதியச் சொல்லி ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் நாலைந்து முறை போய் நின்றார். ஒருவழியாக அவரும் சரி என்றார். திங்கட்கிழமை பேர் பதிவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அண்ணன் வந்து, கட்டாருக்கு விசா கிடைத்திருக்கிறது என்றான். ஒரு பெரிய சாமான் கிடங்கில் வேலை. யாருக்கும் சொல்லாமலே கடவுச்சீட்டும் எடுத்து, எல்லாம் முடித்திருந்தான்.

“டீமேக்கர் ஐயாகிட்ட நான் என்னான்னு சொல்றது?” என்று அப்பா கேட்டார்.

“வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லுங்கப்பா.”

அப்பா அதற்கு மேல் பேசவில்லை. அண்ணன் புறப்பட்ட நாளில் மரக்கறித் தோட்டத்துக்குப் போனவர், வேன் போன பிறகுதான் வந்தார். அப்போது எங்கள் லயத்து வீட்டில் வயரில்லாத டெலிபோன் ஒன்று வாங்கியிருந்தோம். கட்டாரிலிருந்து அண்ணன் கோல் எடுக்கும்போதெல்லாம் அப்பா குடையை எடுத்துக்கொண்டு வெளியே போவார். மழை இல்லாத நாளிலும் குடையோடுதான் போவார். அம்மா பேசுவாள், நான் பேசுவேன். “அப்பா இருக்காங்களா?” என்று கடைசியாகக் கேட்பான். “வெளிய போயிருக்காங்க” என்று அம்மா சொல்வாள். ஒன்பது மாதம் இப்படியே போனது.

ஒரு நாள் என்னிடம் கேட்டான்.

“பாப்பா, நம்ம டீமு வெளாடுதா?”

“நீ இல்லாம யாருகூட வெளாடுறது?”

“கம்பியூட்டரோட வெளாடு. நான் பாக்குறேன். இங்க நாங்க தங்குற கேம்பு ஹோல்ல ஒரு கம்பியூட்டர் இருக்கு. வெள்ளிக்கெழம எங்களுக்கு லீவு.”

“டிவில மேட்சு போடுவாங்கதானே அண்ணே?”

“போடுறாங்க. நம்ம லொறி வெளாடுறத யாரு போடுவா?”

எனக்கு வெள்ளிக்கிழமை வசதிதான். ஜும்மாத் தொழுகைக்காக நானா துணிக்கடையை மூடிவிட்டுப் பள்ளிக்குப் போவார். மேலே வகுப்பும் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை இல்லை. வகுப்பில் வேகமான இணைய இணைப்பு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. திரையில் நடப்பதை வெப்கேம் படம் போலக் காட்டி ஏமாற்றுகிற சின்ன மென்பொருள் ஒன்றை நான் தேடிப் பிடித்தேன். அதைப் போட்டுவிட்டு வீடியோவில் பேசினால், மறுபக்கத்தில் என் முகத்துக்குப் பதிலாக ஆட்டம் தெரியும். இன்றைக்குச் சின்னப் பிள்ளைகள்கூட ஒரு பொத்தானை அமுக்கிச் செய்கிற காரியம்தான். அன்றைக்கு இப்படி ஒன்று செய்யலாம் என்று எனக்குச் சொல்ல ஹட்டனில் ஆள் இல்லை.

முதல் வெள்ளிக்கிழமை மெஷினைப் போட்டு, அண்ணனைக் கூப்பிட்டு, ஆட்டத்தைத் தொடங்கினேன். பந்து வீசுகிறவன் ஓடி வந்தான். பாதி வழியில் நின்றான். பிறகு பார்த்தால் பந்து விக்கெட் காப்பாளரின் கையில் இருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. அண்ணனுக்கு அதுவும் இல்லை. “ஒரே படம் நிக்கிது. லொறி கையத் தூக்கிக்கிட்டே நிக்கிறாரு” என்று தட்டச்சு செய்தான். குரலும் சரியாகப் போகவில்லை. விட்டுவிட்டு வந்த இரண்டு சொற்களும் கரகரவென்றுதான் கேட்டனவாம்.

இணையம்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். அடுத்த வாரம் ஆட்டத்தை மூடிவிட்டு வெறும் திரையை மட்டும் அனுப்பிப் பார்த்தேன். படம் தீப்பெட்டியளவுதான், ஆனால் ஓடியது. குரலும் தெளிவு. பிறகு அனுப்புவதை நிறுத்திவிட்டு ஆட்டத்தை மட்டும் ஓட்டினேன். அதுவும் நன்றாக ஓடியது. இரண்டையும் சேர்த்தால்தான் மெஷின் படுத்துவிடுகிறது. புரொசஸர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் சிறிய சாளரத்தைத் திறந்து வைத்தேன். பச்சைக் கோடு உச்சியில் போய் முட்டி நின்றது, இறங்கவேயில்லை. ஆட்டத்தை நடத்துவது ஒரு வேலை. அந்த ஆட்டத்தைப் படமாகச் சுருக்கி வெளியே அனுப்புவது அதே அளவு வேலை. அந்தச் செலரோனுக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் முடியும்.

எங்கள் வகுப்பில் படித்துவிட்டுக் கண்டியில் வேலைக்குப் போன ஒருத்தி, மெமரி கூட்டினால் சரியாகும் என்றாள். உபரியாக இருந்த மெமரித் துண்டு ஒன்றைப் போட்டேன். ஆட்டம் சீக்கிரமாகத் திறந்தது, அவ்வளவுதான். பந்து வீசுகிறவன் பாதி வழியில் நிற்பது நிற்கவில்லை. மெஷினோடு வந்த சிறு புத்தகத்தை எடுத்துப் படித்தேன். மெஷினுக்குள் இருக்கும் அதே போர்டில் பென்டியம் ஃபோர் வகையைப் பொருத்தலாம் என்று இருந்தது. அதில் ஒரு ரகம், இருப்பது ஒரே சில்லு என்றாலும் கணினியின் கண்ணுக்கு இரண்டாகத் தெரியுமாம். இரண்டு வேலையையும் பங்கு போட்டுக்கொள்ளும். எனக்கு வேண்டியது அதுதான்.

ஆனால் மெஷின் என்னுடையது இல்லையே. ஒரு நாள் நானா மேலே வந்தபோது கேட்டேன்.

“நானா, மூணாம் நம்பருக்கு வேற புரொசஸர் போடலாமா? சில்லு நானே வாங்கிட்டு வர்றேன்.”

“ஏன் டீச்சர், பழுதா?”

“பழுதில்ல. பத்தல.”

“புள்ளைகளுக்குப் போதும்தானே.”

“எனக்குப் பத்தல நானா” என்று சொல்லி, வெள்ளிக்கிழமை நடப்பதை எல்லாம் சொன்னேன். ஏசுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மூன்றாம் நம்பருக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நான் பள்ளிக்குப் போற நேரத்திலயா?”

“ஆமா.”

“என்ட மச்சானும் அந்தப் பக்கந்தான், சவூதியில. கோல் எடுத்தா கடையப் பத்திக் கேக்க மாட்டார். கடைக்கு முன்னால நிக்கிற ஆட்டோக்காரனப் பத்தித்தான் கேப்பார்.” கொஞ்சம் நிறுத்தி, “மாத்துங்க. பழைய சில்ல எறிய வாணாம். மெஷின் எழும்பல்லண்டா அதப் போட்டு, திங்கக்கெழம வகுப்பு நடக்கோணும்” என்றார்.

ஹட்டனில் அந்தச் சில்லு கிடைக்கவில்லை. கண்டியிலும் இல்லை. ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு ரயிலில் கொழும்புக்குப் போனேன். இரவு கொட்டாஞ்சேனையில் இருந்த சித்தி வீட்டில் தங்குவதாகத் திட்டம். கம்பியூட்டர் சாமான் விற்கும் மாடிக் கட்டடம் ஒன்றில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் ஒரே பதில்தான். இந்த வகை போர்டுக்கு இப்போது சில்லு வருவதில்லை, புதுப் போர்டு, புது மெமரி, புது சில்லு என்று முழுக்க மாற்றுங்கள் என்றார்கள். ஒரு கடைக்காரர் நான் கேட்டது புரியாத மாதிரி, “யாருக்கு தங்கச்சி, தம்பிக்கா?” என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு என்று சொன்னேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, போர்டின் இலக்கத்தைக் கேட்டார். நான் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். உள்ளே போனார். ஏதோ ஒரு கம்பெனிக் கந்தோரில் கழற்றிய பழைய மெஷின்களின் சாமான்கள் ஒரு பெட்டியில் கிடந்தன. அதைக் கிளறிச் சில்லு ஒன்றை எடுத்துத் தன் மேசையில் இருந்த மெஷினில் பொருத்தி, ஓடுகிறது என்று காட்டினார். ஒரு சின்னப் பெட்டியில் பஞ்சு போன்ற கறுப்பு அட்டையில் குத்தி வைத்துத் தந்தார். வெப்பத்தைக் கடத்துகிற வெள்ளைப் பசையும் ஒரு சிறிய குழாயில் தந்தார். “கால்கள் பத்திரம்” என்று சிங்களத்தில் இரண்டு முறை சொன்னார். சில்லுக்கு அடியில் நானூற்றுச் சொச்சம் கால்கள், ஒவ்வொன்றும் ஊசி நுனியளவு.

ஞாயிற்றுக்கிழமை காலை கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் பைகளைச் சோதித்தார்கள். யுத்தம் நடந்த அந்த நாட்களில் அது வழக்கம். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த பொலிஸ்காரப் பெண் என் பையைத் திறந்து, அந்தப் பெட்டியை எடுத்தாள்.

“மேக்க மொகத்த?” இது என்ன என்று கேட்டாள்.

நான் கம்பியூட்டரின் மூளை என்று சிங்களத்தில் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் பெட்டியைத் திறந்து, சில்லை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவளுக்கும் காட்டினாள். என் உயிர் என்னிடம் இல்லை. இவ்வளவு சின்ன மூளையா என்று சிரித்துக்கொண்டே உள்ளே வைத்து மூடித் தந்தாள்.

ஹட்டனில் இறங்கி நேராக வகுப்புக்குப் போனேன். சாவி என்னிடம்தான் இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தால், ஓரத்து வரிசையில் மூன்று கால்கள் வளைந்திருந்தன. சோதனையில் வளைந்ததா, ரயிலில் நெரிசலில் வளைந்ததா, நானே சரியாகக் குத்தி வைக்கவில்லையா, இன்றுவரை தெரியாது. யாரையும் குறை சொல்ல முடியாது. அழுகை வரவில்லை. திரும்பவும் கொழும்புக்குப் போக இன்னொரு சனிக்கிழமை எப்போது கிடைக்கும் என்று மட்டும் யோசித்தேன்.

பிறகுதான் மேசை லாச்சியை இழுத்தேன், உள்ளே கிடந்த பென்சில் கண்ணில் பட்டது. மெல்லிய ஈயக்குச்சி போட்டு, பின்பக்கம் அமுக்குகிற பென்சில். குச்சியை எடுத்துவிட்டால் நுனியில் ஒரு சிறிய ஓட்டை. வளைந்த காலின் மேல் அந்த ஓட்டையைச் செருகி, மெல்ல மெல்ல நிமிர்த்தினேன். ஒரு முடியளவு நிமிர்த்துவேன், ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையைப் பார்ப்பேன், திரும்பவும் ஒரு முடியளவு. மூன்றாவது கால் இலேசாக வெளுத்தது. முறியப் போகிறது என்று கையை எடுத்துவிட்டேன். அதை அப்படியே கொஞ்சம் சாய்வாகவே விட்டுவைத்தேன்.

மெஷினைத் திறந்தபோது அடுத்த வேலை காத்திருந்தது. பழைய சில்லுக்கு மேல் இருந்த பசை சுண்ணாம்பு மாதிரி இறுகியிருந்தது. காற்றாடியோடு கூடிய அலுமினியக் கட்டியைத் தூக்கினால், பூட்டுப் பிடியைத் திறக்காமலேயே பழைய சில்லும் அதோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. நல்ல வேளை அதன் கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுரண்டிச் சுத்தம் செய்து, பழையதைப் பெட்டியில் வைத்துவிட்டு, புதியதை இடத்தில் வைத்தேன். அது தன் பாரத்திலேயே உள்ளே இறங்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. இறங்கவில்லை. எடுத்தேன், அந்தச் சாய்ந்த காலை இன்னும் ஒரு துளி தள்ளினேன், திரும்ப வைத்தேன். இறங்கியது.

முதல் தடவை பொத்தானை அமுக்கியபோது காற்றாடி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி வகுப்பு ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினேன். மெமரித் துண்டு ஒரு பக்கம் எழும்பியிருந்தது, அதையும் அமுக்கினேன். இரண்டாவது தடவை ஒரு சின்ன ‘பீப்’. திரையில் புதிய சில்லின் பெயரும் அதன் வேகமும் வந்தன. வேலையைக் காட்டும் சாளரத்தைத் திறந்தேன். இதுவரை ஒரு பெட்டி இருந்த இடத்தில் இரண்டு பச்சைப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதைச் சொல்ல அறையில் யாரும் இல்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். “அப்ப கரண்டு ரெண்டு மடங்கு ஆகுமா?” என்று கேட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை பந்து வீசுகிறவன் நிற்காமல் ஓடி வந்தான். அண்ணனுக்குப் படம் அதே தீப்பெட்டியளவுதான், ஆனால் அசைந்தது. அதைவிடப் பெரிய விஷயம் குரல். என் குரல் அங்கே போனது, அவன் குரல் இங்கே வந்தது, நடுவில் ஆட்டமும் நடந்தது. காற்றாடி மட்டும் தையல் மெஷின் மாதிரிச் சத்தம் போட்டது. ஹட்டன் குளிர் எனக்கு உதவியது என்று நினைக்கிறேன். கொழும்பில் இருந்திருந்தால் அந்தச் சின்னக் காற்றாடி அந்தச் சூட்டைத் தாங்கியிருக்காது.

மூன்று வாரத்துக்குள் அண்ணனின் கேம்பு ஹோலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லாம் எங்கள் மலைப்பக்கத்து ஆட்கள். மஸ்கெலியாக்காரர் ஒருவர், தலவாக்கலைக்காரர்கள் இரண்டு பேர், பொகவந்தலாவையிலிருந்து ஒருவர். அவர்களுக்கு எங்கள் தோட்டத்து லொறியையும் பங்களாவையும் தெரியாது. ஆனாலும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். படம் சின்னதாக இருந்ததால் நான் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே விளையாட வேண்டியிருந்தது. “லொறி ஓடி வர்றாரு. நேத்துப் பூரா தேயிலத் தூள் மூட்ட ஏத்துனவரு, தோளு வலிக்கிது போல, பந்து மெதுவாத்தான் வருது” என்பேன். அங்கே சிரிப்பார்கள். உண்மையிலேயே அந்த வாரம் தோட்டத்தில் என்ன நடந்ததோ அதைத்தான் சொன்னேன். வேறு எதைச் சொல்ல?

அப்பாவுக்கு இதொன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா கண் காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். கிளினிக் சீக்கிரமாக முடிந்துவிட்டது. நல்ல மழை. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நேராக மாடி ஏறி வந்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது கதவடியில் குடையைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

“வெளாடுறியா?” என்றார்.

“லீவு நேரம்ப்பா. ஒக்காருங்க.”

எனக்குப் பின்னால், பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். மைக்கை நிறுத்தலாமா என்று யோசித்தேன். நிறுத்தினால் அண்ணன் ஏன் என்று கேட்பான், அது ஸ்பீக்கரில் வரும். நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. யோசித்து முடிப்பதற்குள் அப்பா இருமினார்.

ஸ்பீக்கரில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த ஹோல்காரர்களின் பேச்சு நின்றது. அண்ணன், “பாப்பா, அது யாரு?” என்றான். மெதுவாகத்தான் கேட்டான்.

அப்பா எழுந்து போய்விடுவார் என்று காத்திருந்தேன். அவர் எழவில்லை. மழை காரணமாகவும் இருக்கலாம். ஆட்டம் பாட்டுக்கு நடந்தது. நான் அப்பாவையே கவனித்ததில் டிஸ்பென்சரி முதல் பந்திலேயே அவுட். ஒன்பது பேர் போய்விட்டார்கள். கடைசி ஆள் இறங்கினார். திரையின் அடியில் அவர் பெயர் பெரிய எழுத்தில் வந்தது.

அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல்லை முப்பது வருடம் தினமும் பார்த்திருக்கிறார். ஃபேக்டரியில் அவர் நின்ற மெஷினின் நெற்றியில் அது வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது.

“இந்த எழுத்து டிரையர்தானே?” என்றார்.

“ஆமாப்பா.”

“அது யாரு?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்பீக்கரில் வந்தது.

“நீங்கதாம்பா.”

எனக்குப் பின்னால் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது.

“நான் எங்க மட்ட புடிச்சேன்” என்றார் அப்பா. என்னைப் பார்த்துச் சொல்வது போலத்தான் சொன்னார்.

“ஒரு ஆளு கொறஞ்சிச்சுப்பா. அதான் போட்டேன்.”

“இருக்குற ஆளு எல்லாம் போன பெறகு என்னைய எறக்குறியா?”

“கடைசி வரைக்கும் நிக்கிற ஆளா வேணும்னு போட்டேம்பா.”

நான் இரண்டு பந்தைத் தட்டி வைத்தேன். மூன்றாவது பந்தில் ஸ்டம்பு பறந்தது. எவ்வளவு முயன்றும் முடியவில்லை, கண்ணில் தண்ணீர் நின்றால் அம்புக்குறி எங்கே தெரியும்.

“போச்சா?” என்றார் அப்பா.

“போச்சுப்பா.”

“நான் சொன்னேன்ல.” பிறகு முன்னால் குனிந்து, மைக் எது என்று தெரியாமல் திரையைப் பார்த்தே கேட்டார். “அங்க எவ்வளவு சூடு?”

“நாப்பத்தஞ்சு வரைக்கும் போகுதுப்பா. வெளிய நிக்க ஏலாது.”

“டிரையரு வாசலுக்கு அது கொறச்சல்தான். தண்ணி நெறையக் குடி. உப்புப் போட்டுக் குடி.”

“சரிப்பா.”

“மத்தியானத்துல தலையில துணி போட்டுக்க.”

“கெடங்குக்குள்ளதாம்பா வேல.”

“அப்பயும் போட்டுக்க.”

அவ்வளவுதான் பேசினார்கள். அந்த மஸ்கெலியாக்காரர் அண்ணனுக்குப் பின்னாலிருந்து, “ஐயா, நல்லா வெளாண்டீங்க” என்றார். அங்கே எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் அவர் சிரித்ததைத் திரும்பிப் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டேன்.

அன்று பின்னேரம் வீட்டில் அப்பா அம்மாவிடம் கண் டொக்டர் சொன்னதை மட்டும் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை கிளினிக் இல்லை. பன்னிரண்டரைக்கு அப்பா மாடி ஏறி வந்தார். தடித்த சாம்பல் நிறக் கம்பளிச் சட்டைக்கு மேல் கோட்டும் போட்டிருந்தார். அந்தக் கோட்டைக் கலியாண வீட்டுக்குத்தான் போடுவார். டீமில் யாரை எந்த இடத்தில் இறக்க வேண்டும் என்று அவருக்கு இப்போது அபிப்பிராயம் இருந்தது. பங்களாவை முதலில் இறக்கக்கூடாதாம், அவர் காலையில் சமைத்துக் களைத்திருப்பாராம். அண்ணன் அதற்கு மறுப்புச் சொன்னான். இருவரும் அதைப் பற்றி இருபது நிமிடம் வாதாடினார்கள். நான் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பச்சைக் கோடுகளும் பாதிக்கு மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

கொஞ்ச நாள் கழித்து வீட்டு டெலிபோன் அடித்தபோது அப்பா வெளியே போகவில்லை. அம்மா பேசி முடித்த பிறகு ரிசீவரைக் கேட்டு வாங்கினார். வாங்கி, “அந்த லொறிய இந்தத் தடவ முன்னுக்கு எறக்கச் சொல்லு அவகிட்ட” என்றார். என்னை வைத்துக்கொண்டே சொன்னார்.

ஒப்பந்தம் முடிந்து அண்ணன் வந்தபோது கொட்டகலை ஸ்டேஷனுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். அப்பாவும் அவனும் கட்டிப்பிடிக்கவில்லை, அப்படியெல்லாம் எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அப்பா பெட்டியை வாங்கிக்கொண்டார், அவன் விடவில்லை, கடைசியில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். மறுநாள் காலையில் அப்பா, “டீமேக்கர் ஐயாவப் போய்ப் பாத்துட்டு வந்துருவோமா?” என்றார். அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கூடப் போனான். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. டீமேக்கர் உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தாராம், அண்ணன் வாங்கிக்கொண்டு போன பேரீச்சம்பழத்தை ஃபேக்டரி ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தாராம். இதை அம்மா சொன்னாள். அண்ணன் இப்போது நானுஓயா ஸ்டேஷனிலிருந்து டவுனுக்கு வேன் ஓட்டுகிறான்.

அண்ணன் வந்த அடுத்த வருடம் எனக்கு உடப்புசல்லாவைப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் ஆசிரியர் வேலை கிடைத்தது. நானா ஒரு சேலை தந்து அனுப்பினார். அந்தப் பாடசாலையில் முதல் நாள் கம்பியூட்டர் அறையைக் காட்டினார்கள். பத்து மெஷின்கள், பத்துக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, உறை மேல் தூசி ஒரு விரல் தடிப்புக்கு. பழுதாகிவிடும் என்று யாரும் தொடுவதில்லையாம். நான் தலைமை ஆசிரியரிடம் அறைச் சாவியையும் ஒரு ஸ்குரூ டிரைவரையும் கேட்டேன். சாவி உடனே கிடைத்தது. ஸ்குரூ டிரைவரை நானே டவுனில் போய் வாங்கினேன்.